சலவைக்கல்லும் சாக்கியமுனிவர் திருவுருவும்



புனே நகரத்திற்கு வடக்கே, நாசிக் செல்லும் பெருவழியில், சாகண் என்னும் ஊர் உள்ளது. முன்னாளில் சங்கிராம துர்க்கம் என்ற கோட்டையால் பெயர் பெற்ற அவ்வூர், இந்நாளில் மோட்டார் தொழிற்சாலைகளால் பெயர் பெற்று விளங்குகின்றது. வேலையின் பொருட்டு ஆங்குக் குடியேறி, திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்று வாழும் தமிழ்க் குடும்பத்தார் சிலரிடமிருந்து நமக்கு ஒரு வினா வந்துள்ளது. அவ்வினாவையே இத்திங்களின் பாடமாகக் கொள்கின்றோம்.

அவர்கள் ஒரு சிறு வழிபாட்டு மண்டபம் அமைத்துள்ளனர். அதில் பகவன் புத்தரின் திருவுருவம் ஒன்றை நிறுவ விரும்பி மாதந்தோறும் பணம் சேர்த்து வருகின்றனர். ஒரு சாரார், திருவுருவம் வெண்மையான சலவைக்கல்லாலேயே ஆதல் வேண்டும் என்கின்றனர். மற்றொரு சாரார், அப்பகுதியில் எளிதில் கிடைக்கும் கருங்கல்லில் செய்தால் செலவு குறையும், மிகுந்த தொகையைக் கொண்டு மாலைநேரப் பாடசாலையைத் தொடர்ந்து நடத்தலாம் என்கின்றனர். இதற்கு முதற்சாரார் கூறும் மறுமொழி நம் உள்ளத்தைத் தொடுவதாகும். “நம் பாட்டன்மார் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டு எட்ட நின்று வணங்கிய உருவங்கள் கருங்கல்லால் ஆனவை. அந்நினைவு நம் விகாரைக்குள்ளும் வருதல் வேண்டா” என்பது அவர்தம் கூற்று.

இது வெறும் விலையைப் பற்றிய வழக்கன்று. மான உணர்ச்சி கலந்த வழக்கு. ஆதலின் இதனை எளிதாக எண்ணித் தள்ளாமல், சலவைக்கல் என்பது யாது, பௌத்தர் எக்கல்லை எவ்வாறு பயன்படுத்தினர், இன்று நமக்கு ஏற்றது எது என்று முறையாக ஆராய்வோம்.

1. சலவைக்கல்லின் இயல்பு

கடலடியில் சிப்பி முதலிய உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகி உண்டாவது சுண்ணாம்புக்கல். அச்சுண்ணாம்புக்கல் நிலத்தின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ளாகி, அதன் துகள்கள் மீண்டும் படிகங்களாகக் கோக்கப்படும்போது சலவைக்கல் ஆகின்றது. பளிங்குக்கல் என்றும் அதனை வழங்குவர். தூய சலவைக்கல் வெண்மையானது. வேற்றுப் பொருள் கலந்தால் சாம்பல், பச்சை, இளஞ்சிவப்பு முதலிய நிறங்களைப் பெறும்.

இக்கல் சிற்பிகளுக்கு உகந்ததாவதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, இது கருங்கல்லைவிட மென்மையானது. ஆதலின் விரல் நகமும் இமை மடிப்பும்கூட நுட்பமாகச் செதுக்க இடந்தரும். இரண்டாவது, தேய்க்கத் தேய்க்க மெருகு ஏறும். மூன்றாவது, ஒளி இதன் மேற்பரப்பில் சிறிது உள்நுழைந்து திரும்புவதால் செதுக்கிய உடல் உயிருள்ள தோல்போலத் தோன்றும். கிரேக்க நாட்டு ஏதென்சு நகரின் பார்த்தெனான் கோயில் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் பெந்தெலி மலைச் சலவைக்கல்லால் கட்டப்பட்டது. இத்தாலியில் மைக்கேலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை உழைத்துத் தாவீதின் உருவத்தைக் கராரா மலைச் சலவைக்கல்லில் வடித்தார். நம் நாட்டில் ஆக்ராவின் தாஜ்மகாலும் கொல்கத்தாவின் விக்டோரியா நினைவு மண்டபமும் இராசத்தானத்து மக்ரானாக் கல்லால் ஆனவை. சயாம் நாட்டில் ஐந்தாம் இராமர் எனப்படும் சுலாலங்கரண் அரசர், பாங்காக் நகரின் பெஞ்சமபோபித் விகாரைக்குக் கராராக் கல்லைக் கப்பலில் வருவித்தார்.

மென்மை என்னும் இந்த நலமே இக்கல்லின் குறையும் ஆகும். புளிப்புப் பொருள் பட்டால் சலவைக்கல் பொங்கிக் கரையும். மழையும் புகையும் அதனை அரிக்கும். தாவீதின் உருவம் பல நூற்றாண்டு திறந்த வெளியில் நின்று தேய்வுற்றமையால், 1873ஆம் ஆண்டில் கூரையின்கீழ்க் கொண்டு செல்லப்பட்டது. தாஜ்மகாலைப் புகையினின்று காக்கும் பொருட்டு, சுற்றுப்புறத் தொழிற்சாலைகள் நிலக்கரி எரிப்பதை நிறுத்துமாறு உச்ச நீதிமன்றம் 1996இல் ஆணையிட்டது. வெண்மைக்கு இவ்வளவு காவல் வேண்டியிருக்கின்றது.

2. சாகணைச் சூழ்ந்துள்ள கருங்கல்

இனிச் சாகண் அன்பர்கள் தம் ஊரைச் சுற்றியுள்ள மலைகளை நோக்குவாராக. அம்மலைகள் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பரந்து உறைந்து உண்டானவை. அங்குச் சலவைக்கல் இல்லை. கரிய கல்லே உண்டு. அக்கரிய கல்லில்தான் நம் முன்னோர் தருமத்தின் இல்லங்களைக் குடைந்தனர்.

வடக்கே சென்றால் ஜுன்னர். அவ்வூரைச் சுற்றிய குன்றுகளில் இருநூற்றுக்கு மேற்பட்ட குடைவுகள் உள்ளன. மேற்கே தளேகாவ் வழியாகச் சென்றால் பேட்சா, பாஜா, கார்லா ஆகிய குகைகள். பாஜாவின் தொன்மை கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்தது. இந்நாட்டின் பெரிய சைத்தியக் குகைகளுள் தலைசிறந்தது கார்லா. அதன் நீளம் சுமார் 37 மீட்டர்.

இக்குகைகளில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. அவை முதன்முதல் குடையப்பட்ட காலத்தில், வழிபாட்டின் நடுவிடத்தில் புத்தரின் உருவமே இல்லை. மலையோடு ஒன்றாய்ச் செதுக்கிய தூபியே அங்கு நிற்கின்றது. திருவுருவங்கள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை. ஆகவே உருவம் இல்லாமலும் நம் முன்னோர் தருமத்தில் நின்றனர் என்பது முதற்பாடம்.

இரண்டாவது பாடம் கல்வெட்டுகளில் உள்ளது. கார்லாவின் குகை ஓர் அரசன் ஒருவனே கட்டுவித்ததன்று. வைஜயந்தி நகரத்து வணிகர் பூதபாலர் அதன் அமைப்பில் முதன்மை பெறுகின்றார். ஆயினும் வாயில் ஒன்றை அளித்தவர் தேனுகாகடம் என்னும் ஊரினரான சிம்மதத்தர். அவர் வாசனைப் பொருள் விற்றவர். வாயில் வேலை செய்து பெயர் பொறித்துக்கொண்டவர் ஒரு தச்சர். தூண்களை அளித்தவருள் யவனர் எனப்பட்ட அயல்நாட்டாரும் உளர். ஒருவர் ஒரு தூண், மற்றொருவர் ஒரு வாயில் எனத் தத்தம் ஆற்றலுக்கு ஏற்பக் கொடுத்தமையால் எழுந்ததே அப்பெருமண்டபம். எவரும் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்படவில்லை. வாயிலையே தம் பெயரால் அளித்தனர்.

கருங்கல் நம்மை வெளியே நிறுத்தியதன்று. நிறுத்தியவர் மனிதர். கல்லின்மேல் அப்பழியைச் சுமத்துதல் தகாது.

3. “சலவைக்கல்” எனப் பெயர் பெற்ற அமராவதி

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்ற அன்பர்கள் அமராவதிச் சிற்பங்களைக் கண்டிருப்பர். ஆந்திர நாட்டில் கிருஷ்ணை ஆற்றங்கரையில் இருந்த மகாசைத்தியத்தின் பகுதிகள் அவை. 1797இல் காலின் மெக்கன்சி அவ்விடத்தைக் கண்டு வெளியுலகுக்கு அறிவித்தார். 1845இல் சர் வால்டர் எலியட் அகழ்ந்து எடுத்த கற்கள் சென்னைக்கு வந்தன. அவற்றுள் பல 1859இல் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. “எலியட் சலவைக்கற்கள்” என்னும் பெயர் அவற்றுக்கு அக்காலத்தில் நிலைத்தது.

ஆனால் உண்மையில் அவை சலவைக்கற்கள் அல்ல. பல்நாட்டுப் பகுதியில் கிடைக்கும் வெளிர் நிறச் சுண்ணாம்புக்கற்களே அவை. மெருகேற்றிய அழகைக் கண்டோர் சலவைக்கல் என்று அழைத்துவிட்டனர். உலகம் போற்றும் புத்த சிற்பங்களுள் சிறந்தவை, சுண்ணாம்புக் காளவாயில் இடப்படும் கல்லினத்தில் செதுக்கப்பட்டவை என்பது நினைவில் கொள்ளத்தக்கது. அவ்வாறு காளவாயில் இட்டதும் உண்டு. அம்மேட்டின் சிறப்பை அறியாதார் கற்களைப் பெயர்த்துக் கட்டடங்களுக்கு எடுத்துச் சென்றனர். சிலவற்றைச் சுட்டுச் சுண்ணாம்பும் ஆக்கினர். கல்லின் விலை கல்லைக் காக்கவில்லை. அதன் பொருளை அறிந்தோர் அருகில் இல்லாமற் போனமையே அழிவுக்குக் காரணம்.

அமராவதிக் கல்வெட்டுகளுள் இரண்டினை நம் குழந்தைகளுக்குத் தவறாமல் சொல்லுதல் வேண்டும். ஒன்று, பூரணகும்பம் செதுக்கிய பலகைக்கல். அதனை அளித்தவர் விதிகர் என்னும் தோல் தொழிலாளர். ஆசிரியர் நாகரின் மகனாகிய அவர், தம் தாய், மனைவி, உடன்பிறந்தார், மகன், மகளிர் ஆகியோருடன் சேர்ந்து அதனைத் தானமாக அளித்ததாகக் கல்வெட்டு கூறுகின்றது. தோல் தொழில் செய்தவரின் தந்தை ஆசிரியர். அவர் தந்த கல் மகாசைத்தியத்தில் இடம் பெற்றது. தொழிலைக் காட்டி மனிதரை இழித்துரைப்போருக்கு இக்கல் ஒன்றே போதிய விடை.

மற்றொன்று, கண்ணர் என்பவரும் அவர்தம் தம்பி சிறு கண்ணரும் உடன்பிறந்தாள் நாகையும் அளித்தது. அக்கண்ணரின் பெயருக்கு முன் “தமிள” என்னும் அடைமொழி உள்ளது. அது தமிழரைக் குறிக்கும் என்று அறிஞர் கொள்வர். தமிழர் ஒரு குடும்பமாகச் சென்று அம்மகாசைத்தியத்துக்குக் கல் அளித்தனர் எனில், இன்று சாகணில் தமிழ்க் குடும்பங்கள் பணம் சேர்ப்பது புதிதன்று. பழைய வழியின் தொடர்ச்சியே ஆகும்.

அவ்வெளிர் கல் தமிழகத்துக்கும் வந்துள்ளது. காவிரிப்பூம்பட்டினத்துப் பல்லவனீச்சரத்தில் 1960களில் நடந்த அகழாய்வில், பௌத்த விகாரையின் அடித்தளத்தோடு அவ்வகைக் கல்லில் செதுக்கிய புத்தபாதமும் வெளிப்பட்டது.

4. சலவைக்கல்லில் எழுதிய திரிபிடகம்

சாகணுக்கு அணித்தாக உள்ள தேஹு ரோட்டில், பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் 1954 டிசம்பர் 25ஆம் நாள் புத்தர் திருவுருவம் ஒன்றை நிறுவினார். அது இரங்கூனிலிருந்து கொணரப்பட்டது. நாகபுரியில் 1956இல் நிகழ்ந்த தீட்சைக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு முற்பட்ட செயல் இது. பர்மா நாட்டோடு நமக்குள்ள உறவை இது நினைவூட்டுவதால், அந்நாட்டார் சலவைக்கல்லைப் பயன்படுத்திய முறையையும் அறிவோம்.

மாண்டலே நகருக்கு வடக்கே சாஜின் என்னும் குன்று உள்ளது. அதன் வெண்சலவைக்கல்லில் பர்மியச் சிற்பிகள் வழிவழியாகப் புத்தர் உருவங்களைச் செதுக்கி வருகின்றனர். மாண்டலேயின் சௌக்தாஜி திருவுருவம் அக்குன்றின் ஒரே கல்லால் ஆனது. ஆயினும் உருவத்தினும் வியப்புடைய பணி ஒன்று அங்கே உண்டு. மிண்டோன் அரசர் 1860 முதல் 1868 வரை, குதோடோ தூபியைச் சூழ, 729 சலவைக்கற் பலகைகளில் திரிபிடகம் முழுவதையும் இருபுறமும் பொறிக்கச் செய்தார். அப்பணியின் வரலாற்றைக் கூறும் பலகை வேறு ஒன்று. ஒவ்வொரு பலகையும் ஏறத்தாழ 5 அடி உயரமுடையது; ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு சிறு மாடம்.

எழுத்துகளைப் பொன்மையால் நிரப்பினர். 1885இல் ஆங்கிலேயர் மாண்டலேயைக் கைப்பற்றிய பின்னர், பொன்னும் மணியும் பறிபோயின. பொன் போன பள்ளங்களில் பிற்காலத்தார் கரிய மையை நிரப்பினர். இன்று அவ்வெழுத்துகள் கருமையாக உள்ளன. ஆனால் படிக்கக் கூடியனவாக உள்ளன. பொன்னை எடுத்தவர் தருமத்தை எடுத்துச் செல்ல இயலவில்லை. சலவைக்கல்லின் மிகச் சிறந்த பயன் யாது என்று வினவுவார்க்கு, மக்கள் படிக்கும் பொருட்டுத் தருமத்தைத் தாங்கி நின்றதே என்று நாம் விடை கூறுவோம்.

5. தமிழகத்தின் கரிய புத்தர்

நம் தமிழகத்தில் சோழர் காலப் புத்தர் உருவங்கள் பல கருங்கல்லால் ஆனவை. சேலம் மாவட்டத்துத் தியாகனூரில் அவ்வாறு அமர்ந்துள்ள பெரிய திருவுருவத்தை இன்றும் காணலாம். பல ஊர்களில் அவை வயல்வரப்பிலும் குளக்கரையிலும் கிடந்தன; சில வேறு பெயர் பெற்றன. சேலம் நகரில் தலைவெட்டி முனியப்பன் என்னும் பெயரால் வழிபடப்பெற்ற உருவம் புத்தரே என்று, தொல்லியல் துறையின் ஆய்வறிக்கையைக் கொண்டு சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. நெடுங்காலம் மஞ்சளும் சந்தனமும் சாத்தப்பெற்று, தம் பெயரையும் இழந்து, அக்கரிய கல்லில் ததாகதர் அமர்ந்திருந்தார்.

“கருங்கல் பிறர் கடவுளருக்கு உரியது” எனக் கூறும் அன்பர்கள் இதனை எண்ணிப் பார்ப்பாராக. அக்கல் நம்முடையதும் ஆகும். அதனை வெறுத்து ஒதுக்கினால், நம் முன்னோர் நமக்கென விட்டுச் சென்ற புத்தரையே நாம் அடையாளம் காணாமல் கடந்து செல்வோம்.

6. சலவைக்கல் உருவத்தைப் பேணும் முறை

ஏற்கெனவே சலவைக்கல் திருவுருவம் வைத்துள்ள சங்கத்தார் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் நன்று.

எண்ணெய், பால், தயிர், நெய் முதலியவற்றால் நீராட்டுதல் கூடாது. எண்ணெய் கல்லின் நுண்துளைகளில் இறங்கி மஞ்சளிக்கும்; தயிரின் புளிப்பு மெருகை அரிக்கும். மஞ்சளும் குங்குமமும் நீங்காத கறை உண்டாக்கும். குத்துவிளக்கைப் புளியால் துலக்கும் வழக்கத்தால் திருவுருவத்தையும் புளியாலோ எலுமிச்சையாலோ துலக்குவோர் உளர். அது கல்லையே கரைப்பதாகும். தூய நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுதலே போதும். விளக்கும் ஊதுவத்தியும் சற்று எட்ட இருத்தல் வேண்டும். பீடத்தில் இரும்புக் கம்பி பொருத்தினால் துரு ஊறிக் கல்லில் படியும்.

இங்கு ஒரு நயம் காண்க. திருமுழுக்கு நம் வழிபாட்டு முறையன்று. மலரும் விளக்கும் நறும்புகையும் வைத்து, சரணமும் சீலமும் கூறுதலே நம் முறை. பழைய பழக்கத்தால் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கும் கையை, தருமமும் தடுக்கின்றது. கல்லின் இயல்பும் தடுக்கின்றது.

வாங்குவோர் ஏமாறாதிருத்தலும் வேண்டும். கல்தூளைப் பசையோடு குழைத்து அச்சில் வார்த்த உருவங்களும் சலவைக்கல் எனக் கடைகளில் விற்கப்படுகின்றன. அளவுக்கு ஏற்ற கனம் இல்லாமையும், பக்கங்களில் அச்சு பொருந்திய கோடும் அவற்றைக் காட்டிக் கொடுக்கும். அவற்றை வழிபடுதலில் குற்றமில்லை. கல்லின் விலை கொடுத்து வாங்குதலே குற்றம்.

7. நம் விடை

சலவைக்கல் அழகியது. ஆற்றலுடையோர் அதனால் திருவுருவம் செய்வித்தலை நாம் தடுக்கவில்லை. ஆனால் வெண்மை காரணமாக அதற்குத் தனிப் புனிதம் இல்லை. கருமை காரணமாகக் கருங்கல்லுக்கு இழிவும் இல்லை. நிறத்தைக் கொண்டு உயர்வு தாழ்வு கற்பித்தலால் துன்புற்ற நாம், கற்களிடையே அதே பேதத்தைக் கற்பிக்கலாமா?

ததாகதர் தம் இறுதி நாளில் சால மரங்களினிடையே படுத்திருந்தபோது, மலர் சொரிந்து செய்யும் பூசையினும், தருமத்தின்படி ஒழுகுதலே தமக்குச் செய்யும் மேலான பூசை என்று உணர்த்தியருளினார். மாலைப் பாடசாலையின் விளக்கை அணைத்து அத்தொகையால் மண்டபத்தில் வெண்கல் நிறுவுவது அவ்வுரைக்கு இசைந்ததாகாது. வட்டிக்குக் கடன் வாங்கி நிறுவுவது அதனினும் இசையாது.

ஆகவே நம் கருத்து இது. பாடசாலைக்கு வேண்டிய தொகையை முதலில் ஒதுக்குக. எஞ்சியதற்கு ஏற்ற அளவில், கிடைக்கும் கல்லில், நன்கு பயின்ற சிற்பியைக் கொண்டு திருவுருவம் செய்விக்க. அது கருங்கல்லாயின், கார்லாவையும் தியாகனூரையும் நினைத்து மகிழ்க. சிறு சலவைக்கல் உருவமாயின், மேற்கூறிய முறையில் பேணுக. எதுவாயினும், பீடத்தின் பக்கத்தில் ஒரு பலகை வைத்து, ஐந்து ரூபாய் அளித்தவர் பெயரையும் ஐயாயிரம் அளித்தவர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் பொறிக்க. விதிகரின் குடும்பமும் கண்ணரின் குடும்பமும் அவ்வாறே தம் பெயரை நமக்கு விட்டுச் சென்றனர். நிறுவும் நாளுக்கு முன்னர் ஒரு ஞாயிறன்று குழந்தைகளைக் கார்லாவுக்கு அழைத்துச் சென்று, தச்சரும் வாசனை வணிகரும் பெயர் பொறித்த வாயிலைக் காட்டுக.

முடிவு சாகண் அன்பர்களுடையது. அவர்கள் ஒன்றுகூடி, ஒருவரையொருவர் நோகச் சொல்லாமல் முடிவு செய்வார்களாயின், திருவுருவம் வருமுன்னரே பகவனின் அறம் அம்மண்டபத்தில் நிலைபெற்றதாகும்.

வாசிப்பு வட்டங்களுக்கான வினாக்கள்

1. சலவைக்கல் எவ்வாறு உண்டாகின்றது? புளிப்புப் பொருள் அதனை ஏன் அரிக்கின்றது?
2. கார்லாக் குகையின் கல்வெட்டுகள் தானம் பற்றிக் கற்பிப்பது யாது?
3. அமராவதிக் கற்களைச் சலவைக்கல் என்றது எவ்வாறு பொருந்தாது?
4. பொன் நீங்கிய பின்னும் குதோடோப் பலகைகள் பயன்படுவது ஏன்?
5. உங்கள் ஊரில் வேறு பெயரோடு இருக்கும் பழைய கல்லுருவம் உண்டா? அதனைப் பற்றி முதியோரிடம் கேட்டு எழுதி வருக.

நமோ புத்தாய.